மாதக் கடைசியில் கெட்டுப்போன கோப்புகள்: டர்ட்டி பைப் நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் சிஎம்4ஆல் என்ற வலைத்தள ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு 2021 ஏப்ரல் 29 அன்று ஒரு புகார் வந்தது. தன் தளத்தின் லாக் கோப்பை (வருகைப் பதிவேட்டை) இறக்கிய வாடிக்கையாளர் ஒருவரால் அதை விரிக்க முடியவில்லை. சுருக்கி வைத்த கோப்பின் சரிபார்ப்பு எண் தப்பாக இருக்கிறது என்று மென்பொருள் சொன்னது. ஹோஸ்டிங் தொழிலில் இருப்பவர்கள் தினம் பார்க்கிற ரகத்துப் புகார்தான் இது.

இதே புகாரிலிருந்து கிளம்பிய விசாரணை 2022 மார்ச் 7 அன்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் இருந்த ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையை வெளியே கொண்டுவந்தது. படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில், எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத சாதாரணப் பயனர், தான் நினைத்ததை எழுதிவிட முடிந்தது. அதன் பதிவு எண் சிவிஇ-2022-0847. கண்டுபிடித்தவர் அந்த நிறுவனத்தின் நிரலாளர் மேக்ஸ் கெல்லர்மன். அவர் வைத்த பெயர் டர்ட்டி பைப்.

கர்னல் ஓட்டைகள் பெரும்பாலும் ஓட்டை தேடுவதையே வேலையாகச் செய்பவர்கள் கையில் சிக்கும். இது அப்படிச் சிக்கவில்லை. தன் சர்வரில் சில கோப்புகள் ஏன் கெட்டுப்போகின்றன என்பதற்கு விடை தெரியாமல் விடமாட்டேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றதால் கிடைத்தது. அதனால்தான் இந்த நிகழ்வை ஓட்டையின் விவரத்தோடு மட்டும் நிறுத்தாமல், அது அகப்பட்ட வழியையும் சேர்த்து எழுத நினைத்தேன்.

எட்டு பைட்

முதல் புகார் வந்தபோது கெல்லர்மன் அந்தக் கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் கையாலேயே திருத்திக் கொடுத்து, டிக்கெட்டை மூடிவிட்டார். லாக் விவரங்கள் எதுவும் கெடவில்லை. கடைசியில் இருந்த எண் மட்டும்தான் பிசகியிருந்தது. சில மாதங்கள் கழித்து இதே போல இன்னொன்று வந்தது. அப்புறம் மற்றொன்று. ஒவ்வொரு முறையும் உள்ளடக்கம் சரியாக இருந்தது, வால் மட்டும் கெட்டிருந்தது.

இத்தனை கோப்புகள் கையில் சேர்ந்த பிறகு அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஜீஜிப் முறையில் சுருக்கிய கோப்பின் கடைசி எட்டு பைட்டுக்கு ஒரு பொருள் உண்டு. முதல் நான்கு சரிபார்ப்பு எண், அடுத்த நான்கு சுருக்கும் முன் இருந்த அளவு. கெட்டுப்போன கோப்பு எதை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரே எட்டு எண்கள் இருந்தன: 80, 75, 1, 2, 30, 3, 20, 0. விரித்தால் 19,191 பைட் வரவேண்டிய கோப்பு, தன் அளவு சுமார் 13 லட்சம் பைட் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வேறு வேறு உள்ளடக்கம் கொண்ட கோப்புகளுக்கு ஒரே சரிபார்ப்பு எண் அமைய அநேகமாக வழியே இல்லை. கணக்குப் போடும் நிரலில் பிழை என்றாலும் கோப்புக்குக் கோப்பு வேறு வேறு தவறான விடைதான் வந்திருக்கும். மெமரி சிப் கெட்டிருந்தால் அங்கங்கே ஒரு பிட் புரண்டிருக்கும். வட்டு கெட்டிருந்தால் ஒரு செக்டர் முழுக்கப் போயிருக்கும். ஆக, இந்த எட்டு எண்கள் எங்கோ ஓர் இடத்திலிருந்து முழுசாக வந்து உட்கார்ந்தவை.

எங்கிருந்து வந்தன என்பதை முதல் இரண்டு எண்களே காட்டிக்கொடுத்தன. 80, 75 என்பவை ஆங்கிலத்தில் பி, கே என்ற இரண்டு எழுத்துகளின் குறியீடுகள். ஜிப் கோப்பு முறையை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள். எல்லா ஜிப் கோப்பிலும் ஒவ்வொரு பகுதியும் இவற்றில்தான் தொடங்கும். அடுத்து வரும் 1, 2 என்பது ‘மையப் பட்டியல் தொடங்குகிறது’ என்பதற்கான குறி. 30 என்றால் உருவாக்கிய நிரல் பின்பற்றும் ஜிப் பதிப்பு 3.0, 3 என்றால் யூனிக்ஸ், 20 என்றால் விரிக்கத் தேவையான பதிப்பு 2.0. அதாவது ஒரு ஜிப் கோப்பின் மையப் பட்டியலுடைய முதல் எட்டு பைட், எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு லாக் கோப்பின் வாலில் ஏறியிருந்தது.

ஜிப் எங்கிருந்து வந்தது? அந்த நிறுவனத்தின் ஏற்பாடு இப்படி. ஒவ்வொரு நாள் லாக்கும் தனித்தனி ஜீஜிப் கோப்பாகச் சேமிக்கப்படும். வாடிக்கையாளர் ஒரு மாதத்து லாக் மொத்தத்தையும் கேட்டால், அந்த நாள் கோப்புகளை விரிக்காமல், மறுபடி சுருக்காமல், அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முன்னும் பின்னும் ஜிப் தலைப்புகளை (உள்ளே இருக்கும் கோப்புகளைப் பற்றிய குறிப்புகளை) சேர்த்து, போகிற போக்கில் ஒரு ஜிப்பாக்கி அனுப்பிவிடுவார்கள். சிபியு வேலை கிட்டத்தட்ட இல்லை. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜீஜிப்பை விரிப்பது சிரமம் என்பதால் இந்த வசதி. இந்த ஜிப் நெட்வொர்க்கில்தான் போகும், வட்டில் எங்கேயும் எழுதப்படாது.

கெல்லர்மனைத் திகைக்க வைத்தது இன்னொரு விஷயம். ஜிப் அனுப்பும் சேவை தனிப் பயனர் கணக்கில் ஓடியது. லாக் கோப்புகளைப் படிக்க மட்டும்தான் அதற்கு அனுமதி. எழுத முடியாது. எழுதும் அனுமதி உள்ள நிரலுக்கோ ஜிப் என்றால் என்னவென்றே தெரியாது. ஜிப் தலைப்பைத் தெரிந்தவருக்கு எழுத உரிமை இல்லை, எழுத உரிமை உள்ளவருக்கு ஜிப் தலைப்பு தெரியாது. ஆனாலும் தலைப்பு கோப்பில் ஏறியிருக்கிறது.

அவர் வட்டு முழுவதையும் துழாவினார். மூன்று மாதத்துக்குள் 37 கோப்புகள் கெட்டிருந்தன. மற்ற நாட்களைவிட மாதக் கடைசி நாளின் லாக்கே அவற்றில் அதிகம். ஜிப் தயாரித்து அனுப்பும் முதன்மை சர்வரில் மட்டும்தான் கோளாறு. அதே லாக் வேலையைச் செய்தாலும் வாடிக்கையாளர் பக்கம் எதையும் அனுப்பாத மாற்று சர்வரில் ஒரு கோப்புகூடக் கெடவில்லை.

மாதக் கடைசி என்பது நல்ல துப்பு. ஜிப்பில் கடைசியாகச் சேரும் கோப்பு மாதத்தின் கடைசி நாளுடையது. அதைத் தொட்டடுத்து வருவது மையப் பட்டியல். ஆக, கடைசிக் கோப்பை அனுப்பி முடித்த கையோடு எழுதப்பட்ட தலைப்பு, நெட்வொர்க் பக்கம் போனதோடு நிற்காமல் அந்தக் கோப்புக்குள்ளும் போயிருக்கிறது.

தன் நிரலை எத்தனை முறை படித்தாலும் தப்பு தெரியவில்லை. சந்தேகம் கர்னல் மேல் திரும்பியது. பொதுவாக இது ஒரு நிரலாளர் கடைசியாகச் சொல்லவேண்டிய காரணம். ஆயிரம் முறை கர்னலைக் குற்றம் சொன்னால் தொள்ளாயிரத்துச் சொச்சம் முறை தப்பு நம்முடையதாகவே இருக்கும். அதனால் அவர் வாதம் செய்யவில்லை, சோதித்தார். இரண்டு குட்டி சி நிரல்கள் எழுதினார். ஒன்று ஒரு கோப்பில் ‘ஏ’ என்ற எழுத்தையே எழுதிக்கொண்டிருக்கும். இன்னொன்று அந்தக் கோப்பை ஸ்ப்ளைஸ் என்ற கர்னல் அழைப்பின் மூலம் ஒரு பைப்புக்குள் (நிரலுக்கு நிரல் தரவு கடத்தும் குழாய்) அனுப்பி, அதன் பின்னால் பைப்பில் ‘பி’ என்ற எழுத்தை எழுதும். கோப்பில் ‘பி’ எழுதும் வரி எந்த நிரலிலும் கிடையாது. ஓட்டிப் பார்த்தார். கோப்பில் ‘பி’ வந்தது.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது இது. அந்தக் கணத்தில் விசாரணை வேறு தளத்துக்குப் போய்விட்டது.

பேஜ் கேஷ், பைப், ஸ்ப்ளைஸ்

கோப்பைத் திறக்கும்போது கர்னல் உரிமையைச் சரிபார்க்கிறது. படிக்க மட்டும் என்று திறந்தால் எழுத விடாது. இந்தக் காவல் திறக்கும் இடத்தில் நிற்கிறது. திறந்த பிறகு நடப்பதெல்லாம் மெமரியில் நடக்கிறது. வட்டிலிருந்து வரும் கோப்பின் துண்டுகளை லினக்ஸ் 4,096 பைட் கொண்ட பக்கங்களாக மெமரியில் வைத்துக்கொள்ளும். அதற்குப் பேஜ் கேஷ் என்று பெயர். ஒரே கோப்பைப் பத்துப் பேர் படித்தாலும் எல்லாருக்கும் அதே பக்கம்தான். கர்னலைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் எப்போதும் எழுதத்தக்கது. அதில் யார் எழுதலாம் என்ற கேள்வியை முன்னாலேயே கேட்டாயிற்று என்ற நம்பிக்கையில் மற்ற நிரல்பகுதிகள் நடக்கின்றன.

பைப் என்பது யூனிக்ஸின் பழைய வசதி. ஒரு நிரல் ஒரு முனையில் எழுதும், இன்னொன்று மறுமுனையில் படிக்கும். லினக்ஸில் இது உள்ளுக்குள் ஒரு வளையம். வழக்கமாக 16 அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு மெமரிப் பக்கத்தைச் சுட்டும். எந்த இடத்திலிருந்து எத்தனை பைட் என்ற குறிப்போடு சில ஃபிளாக்குகளும் (ஆம், இல்லை என்று சொல்லும் குறிகள்) அதில் இருக்கும். நீங்கள் பைப்பில் பத்து பைட் எழுதினால் கர்னல் ஒரு புதுப் பக்கத்தை ஒதுக்கிப் பத்து பைட்டைப் போடும். அடுத்து இன்னொரு பத்து எழுதினால், புதுப் பக்கம் ஒதுக்காமல் பழைய பக்கத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் சேர்த்துவிடும். மெமரி வீணாகாது. இப்படிச் சேர்க்கலாமா என்பதைச் சொல்லும் ஃபிளாக்குக்கு ‘கேன் மெர்ஜ்’ என்று பெயர்.

ஸ்ப்ளைஸ் 2006இல் கர்னலுக்குள் வந்தது. கோப்பிலிருந்து பைப்புக்குத் தரவை நகலெடுக்காமலே கொண்டுபோவது அதன் வேலை. நகலெடுக்காமல் எப்படி? பைப் அறையை நேராகப் பேஜ் கேஷில் உள்ள பக்கத்தைச் சுட்ட வைத்துவிடும். கோப்பின் பக்கமும் பைப்பின் பக்கமும் இப்போது ஒன்று. வேகத்துக்காகச் செய்த அருமையான யோசனை. வலை சர்வர்கள், ப்ராக்ஸிகள் எல்லாம் இதனால் பலன் அடைந்தன.

ஒரு நிபந்தனை இருக்கிறது. அப்படிக் கடன் வாங்கிய பக்கத்தில் பைப் எதையும் சேர்த்து எழுதக்கூடாது. அந்தப் பக்கம் பைப்புக்குச் சொந்தமில்லை. ஆகவே ஸ்ப்ளைஸ் மூலம் நிரம்பும் அறையில் கேன் மெர்ஜ் ஃபிளாக் இருக்கவே கூடாது.

இருந்தது. அதுதான் ஓட்டை.

ஸ்ப்ளைஸ் ஓர் அறையை நிரப்பும்போது பக்கம், தொடக்க இடம், நீளம் ஆகியவற்றைப் புதிதாக எழுதியது. ஃபிளாக்கைத் தொடவே இல்லை. பைப் ஒரு வளையம் என்பதால் அறைகள் திரும்பத் திரும்பப் பயன்படும். முன்பு அதே அறையில் சாதாரணமாக ஏதாவது எழுதப்பட்டிருந்தால், அப்போது போட்ட ‘சேர்க்கலாம்’ என்ற குறி அழியாமல் நிற்கும். இருமல் மருந்து பாட்டிலைக் காலி செய்து, லேபிளைக் கிழிக்காமல் உள்ளே வேறு எதையோ ஊற்றி வைத்தது மாதிரி. அடுத்து பைப்பில் எழுத வந்தவர் குறியைப் பார்க்கிறார், சேர்க்கலாம் என்று இருக்கிறது, சேர்க்கிறார். அவர் சேர்த்தது வேறு யாரோ ஒருவருடைய கோப்பின் பக்கத்தில்.

கெல்லர்மனின் எட்டு பைட் புதிரும் இதோடு அவிழ்ந்தது. ஜிப் சேவை முதலில் ஒரு தலைப்பைப் பைப்பில் எழுதும், குறி விழும். அப்புறம் நாள் கோப்புகளை ஸ்ப்ளைஸ் செய்யும், குறி அழியாது. கடைசிக் கோப்பில் சரிபார்ப்பு எண்ணும் அளவும் உள்ள எட்டு பைட் வாலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அனுப்பும். அடுத்து எழுதப்படும் மையப் பட்டியல் சரியாக அந்த வால் இருக்கும் இடத்தில் விழும். தலைப்பு முழுவதுமே அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது. ஆனால் கோப்பின் நீளம் மாறவில்லை. வாலில் இருந்தது எட்டே பைட், அதற்கு மேல் விழுந்தது கோப்பின் எல்லைக்கு வெளியே போயிற்று. எட்டு பைட் மட்டும் கண்ணில் பட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் தினமும் எத்தனையோ பேர் ஜிப் இறக்கியிருப்பார்களே, ஏன் 37 மட்டும்? பேஜ் கேஷில் உள்ள ஒரு பக்கம் மாறியிருக்கிறது என்று கர்னலுக்குத் தெரிந்தால்தான் அதை வட்டில் எழுதும். பைப் வழியாக ஏறிய மாற்றத்தைப் பற்றிக் கோப்பு முறைமைக்கு எந்தத் தகவலும் போகவில்லை. வேறு யாராவது அதே நேரத்தில் முறைப்படி அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தால் மட்டும், அவர் எழுதியதோடு சேர்ந்து இந்தக் கறையும் வட்டுக்குப் போனது. மற்ற நேரங்களில் பக்கம் மெமரியிலிருந்து நீங்கியதும் கறையும் காணாமல் போயிற்று. எத்தனை முறை நடந்து, யாரும் பார்க்காமல் மறைந்ததோ. தாக்குபவருக்கு இது எவ்வளவு வசதி என்பதை யோசித்தால் வயிற்றைக் கலக்கும். கோப்பின் மாற்ற நேரம் மாறாது. மெஷினை மறுபடி துவக்கினால் வட்டில் இருக்கும் நல்ல கோப்பே திரும்ப வந்துவிடும்.

நான்கு வருட இடைவெளியில் இரண்டு மாற்றங்கள்

கெல்லர்மனின் சோதனை நிரல் லினக்ஸ் 5.10இல் பலித்தது, 4.19இல் பலிக்கவில்லை. இடையில் 1,85,011 மாற்றங்கள். பாதியாகப் பிரித்துப் பிரித்துத் தேடும் முறையில் 17 படிகளில் குற்றவாளி அகப்பட்டது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த 5.8இல் சேர்ந்த ஒரு சீரமைப்பு.

அந்தச் சீரமைப்பில் தப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பது இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம். அதற்கு முன்பு, சேர்த்து எழுதலாமா என்பதை, அந்த அறை எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்து கர்னல் முடிவு செய்துவந்தது. ஸ்ப்ளைஸ் செய்த அறைக்கு வேறு வகை, ஆகவே சிக்கல் இல்லை. 5.8இல் அந்த வகைப் பிரிவுகளை ஒன்றாக்கி, அதே தகவலை ஒவ்வோர் அறையிலும் ஒரு ஃபிளாக்காக வைத்தார்கள். நிரல் சுத்தமானது. படிப்பவர் யாரும் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று தலையாட்டியிருப்பார்கள்.

உண்மையான விடுபடல் 2016இல் வந்த 4.9இல் நடந்தது. பைப் அறைகளை நிரப்பும் இரண்டு புதிய பகுதிகள் அப்போது எழுதப்பட்டன. ஃபிளாக்கைப் பூஜ்ஜியமாக்கும் வரி இரண்டிலும் இல்லை. அன்றைக்கு அதனால் ஒரு கேடும் வரவில்லை. அப்போது இருந்த ஃபிளாக்குகளில் ஆபத்தானது எதுவும் கிடையாது. அந்தப் புலத்தில் (ஃபிளாக் இருக்கும் இடத்தில்) பழைய குப்பை கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. நான்கு வருடம் கழித்து வேறொருவர் அதே புலத்துக்கு ஓர் உயிர்நிலை வேலையைக் கொடுத்தபோது, 2016இன் விடுபடல் தானாக வெடிமருந்தானது. இரண்டு மாற்றங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

கருவிகளாவது பிடித்திருக்கக் கூடாதா? தொடக்க மதிப்பு கொடுக்கப்படாத மெமரியைப் படித்தால் கூச்சல் போடும் சோதனைக் கருவிகள் கர்னலுக்கு உண்டு. இங்கே அவை வாயைத் திறக்காது. பைப் உருவாகும்போது அந்த வளையம் பூஜ்ஜியங்களோடுதான் பிறக்கிறது. பின்னால் விழுந்த குறியும் முறைப்படி எழுதப்பட்ட மதிப்புதான். மெமரி என்ற அளவில் எல்லாம் ஒழுங்கு, பொருள் மட்டும்தான் பழையது. மெமரிப் பிழைகளைத் தடுக்க வடிவமைத்த ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் வந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அறை முழுவதையும் புதிதாகக் கட்டி வைத்தால் ஒரு புலத்தை மறந்துவிட்டுப் போக ரஸ்ட் விடாது. ஏற்கெனவே இருக்கும் அறையில் புலம் புலமாக மாற்றினால் ரஸ்டிலும் இதே மறதி சாத்தியம். ஆகவே பழக்கம்தான் மாறவேண்டும்: மறுபயன்பாட்டுக்கு வரும் அறையை நிரப்பும்போது எல்லாப் புலங்களையும் ஒரேயடியாக எழுதுவது, இன்றைக்கு அந்தப் புலத்தை யாரும் பார்க்காவிட்டாலும் எழுதுவது. அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

பிழை ஆயுதமானது

கெல்லர்மன் முதலில் நினைத்தது, வேறு ஒருவர் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது மட்டும் இது நடக்கும் என்று. கொஞ்சம் ஆழமாகப் பார்த்ததும் அது தேவையே இல்லை என்று தெரிந்தது. ஒரு பைப்பை முழுக்க நிரப்பி, முழுக்கக் காலி செய்தால் 16 அறைகளிலும் குறி நிற்கும். அதற்குப் பின் படிக்க மட்டும் திறந்த ஏதாவதொரு கோப்பின் ஒரு பைட்டை ஸ்ப்ளைஸ் செய்து, பைப்பில் வேண்டியதை எழுதினால், அது அந்தக் கோப்பின் பேஜ் கேஷில் போய் உட்கார்ந்துவிடும். அதிர்ஷ்டம், நேரப் பொருத்தம் எதுவும் வேண்டாம்.

வரம்புகள் சில உண்டு. கோப்பைப் படிக்க அனுமதி இருக்கவேண்டும். பக்கத்தின் முதல் பைட்டை மாற்ற முடியாது, அதில் ஒன்றையாவது ஸ்ப்ளைஸ் செய்தாகவேண்டும். ஒரு தடவை எழுதுவதில் பக்க எல்லையைத் தாண்ட முடியாது. கோப்பை நீட்ட முடியாது. இவை எதுவும் பெரிய தடை இல்லை. லினக்ஸில் பயனர் கணக்குகளின் பட்டியல் உள்ள பாஸ்வேர்டு கோப்பு எல்லாராலும் படிக்கத்தக்கது. அதில் எல்லா உரிமையும் கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல் புலத்தை மாற்றினால் மெஷின் கைக்கு வந்துவிடும். ரூட் உரிமையோடு ஓடும் நிரல் கோப்புகளும் பெரும்பாலும் யாராலும் படிக்கத்தக்கவை. படிப்பதற்கு மட்டும் என்று மவுன்ட் செய்த வட்டு, மாற்றமுடியாதது என்று பூட்டிய கோப்பு, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட், சிடி ராம் எதுவும் விலக்கில்லை. எழுதுவது பேஜ் கேஷில், வட்டின் சம்மதம் யாருக்கு வேண்டும்?

2016 அக்டோபரில் வெளிவந்த டர்ட்டி கவ் என்ற ஓட்டையோடு இதை எல்லாரும் ஒப்பிட்டார்கள். படிக்க மட்டுமான கோப்பில் எழுதவைத்தது என்ற அளவில் இரண்டும் அக்கா தங்கை. டர்ட்டி கவ் 2007இலிருந்து கர்னலில் இருந்தது. அதற்கும் முன்பே அந்த இடத்தில் ஒருமுறை சரிசெய்ய முயன்று தவறியதாக லினஸ் டோர்வால்ட்ஸே எழுதினார். ஆனால் அது இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் மோதவிட்டு, சரியான நொடிக்காகக் காத்திருக்கவேண்டிய தாக்குதல். டர்ட்டி பைப்புக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. முதல் முயற்சியிலேயே பலிக்கும், கர்னல் விழாது, எந்தப் பிராசஸர் என்றாலும் வேலை செய்யும். மெமரி முகவரிகளைக் கலைத்துப்போடுவது போன்ற நவீனத் தற்காப்புகள் இங்கே எதையும் தடுக்கவில்லை. ஏனென்றால் தாக்குபவர் கர்னலுக்குள் முகவரி தேடவே இல்லை. கர்னல் தன் சொந்த விதிப்படி ஒழுங்காக நடந்துகொண்டே கதவைத் திறந்துவிட்டது.

ஒரே கர்னலைப் பகிர்ந்தபடி நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களில் நிலைமை இன்னும் மோசம். ஒரே ஹோஸ்ட் மெஷினில் ஓடும் கன்டெய்னர்கள் ஒரே இமேஜிலிருந்து (மூலக் கோப்புத் தொகுப்பிலிருந்து) வந்தால் அவை பகிர்ந்துகொள்ளும் கோப்புகளுக்குப் பேஜ் கேஷும் ஒன்றே. ஒரு கன்டெய்னருக்குள் இருப்பவர் செய்த மாற்றம் பக்கத்துக் கன்டெய்னரில் தெரியும். கன்டெய்னரைவிட்டு வெளியே வந்து ஹோஸ்டைப் பிடிக்கும் வழிகளையும் ஆய்வாளர்கள் அடுத்த வாரங்களில் காட்டினார்கள். பல வாடிக்கையாளர்களை ஒரே மெஷினில் வைத்திருக்கும் எவருக்கும் இது தூக்கம் கெடுக்கிற செய்தி.

பதினாறு நாட்கள்

கர்னல் பிழை என்று உறுதியான மறுநாள், பிப்ரவரி 20 அன்று, கெல்லர்மன் லினக்ஸ் கர்னல் பாதுகாப்புக் குழுவுக்குப் பிழை விவரம், செயல்படும் தாக்குதல் நிரல், திருத்தம் மூன்றையும் சேர்த்து அனுப்பினார். 21ஆம் தேதி கூகுள் பிக்சல் 6 போனில் சோதித்தார், அங்கேயும் பலித்தது. ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் போனது. அதே நாளில், பாதுகாப்புக் குழுவின் யோசனைப்படி, திருத்தத்தை மட்டும் வெளிப்படையாக அனுப்பினார். அதனால் என்ன ஆபத்து என்ற விவரத்தைச் சொல்லவில்லை. 23ஆம் தேதி 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய பதிப்புகள் திருத்தத்தோடு வந்துவிட்டன. 24 அன்று ஆண்ட்ராய்டு கர்னலில் கூகுள் சேர்த்தது. 28 அன்று லினக்ஸ் விநியோகங்களைத் (உபுன்டு, ரெட் ஹேட் போன்றவை) தயாரிப்பவர்களுக்குத் தகவல். மார்ச் 7 அன்று எல்லாம் பொதுவெளிக்கு வந்தது.

திருத்தம் என்பது இரண்டு வரி. 2016இல் எழுதிய அந்த இரண்டு பகுதிகளிலும் ஃபிளாக்கைப் பூஜ்ஜியமாக்கும் ஒரே வரி, இரண்டு இடத்தில்.

விவரம் சொல்லாமல் திருத்தத்தை மட்டும் வெளியிடுவது சரியா என்று ஒவ்வொரு கர்னல் ஓட்டையின்போதும் சண்டை வரும். விவரம் தெரிந்தவர் திருத்தத்தைப் பார்த்தாலே ஓட்டையை ஊகித்துவிடலாம் என்பது உண்மை. ஆனாலும் இங்கே நடந்தது எனக்குச் சரியாகவே படுகிறது. ஃபிளாக்கைப் பூஜ்ஜியமாக்கும் ஒரு வரி, தினமும் வந்து குவியும் நூற்றுக்கணக்கான திருத்தங்களோடு கலந்துபோகும். விநியோகங்களுக்கு ஒரு வாரம் கிடைத்தது. அதன் பிறகு எதையும் மறைக்காமல் முழுக் கதையையும், ஓடும் நிரலையும் சேர்த்து வெளியிட்டார். அரைகுறையாகச் சொல்லியிருந்தால் தாக்குபவர்கள் எப்படியும் மீதியைக் கண்டுபிடித்திருப்பார்கள். சர்வர் நிர்வாகிகள்தான் ‘இது நமக்கு உண்மையிலேயே ஆபத்தா’ என்று தெரியாமல் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

தாக்குபவர்கள் தாமதிக்கவும் இல்லை. வெளியான சில மணி நேரத்திலேயே கெல்லர்மனின் நிரலை மாற்றியெழுதி நேராக ரூட் ஷெல் (முழு உரிமையுள்ள கட்டளை வரி) தரும் வடிவங்கள் சுற்றத் தொடங்கின. ஏப்ரல் 25 அன்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ, நிஜத்தில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

ஆண்ட்ராய்டில் ஒரு விசித்திரம் நடந்தது. பழைய போன்கள் தப்பித்தன, புதியவை மாட்டின. அப்போது புழக்கத்தில் இருந்த பெரும்பாலான போன்களில் 5.8க்கு முந்தைய கர்னல்தான் இருந்தது. 5.10 கர்னலோடு வந்த பிக்சல் 6, கேலக்ஸி எஸ்22 போன்ற அன்றைய புதுப் போன்கள்தான் ஓட்டையோடு வந்தன. எப்போதும் புதிய பதிப்பே பாதுகாப்பு என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்திலும் இதே நிலை: 4.19 வைத்திருந்த பஸ்டர் பதிப்பில் ஓட்டை இல்லை, 5.10க்கு மாறிய புல்ஸை பதிப்பில் இருந்தது.

சர்வர் வைத்திருப்பவர் பார்க்கவேண்டியது

மெஷின் காட்டும் கர்னல் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. உபுன்டு, ரெட் ஹேட் போன்ற விநியோகங்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை உள்ளே சேர்க்கும். 5.13 என்று காட்டுகிற கர்னல் திருத்தம் பெற்றதாக இருக்கலாம், பெறாததாகவும் இருக்கலாம். அந்த விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்பில் சிவிஇ-2022-0847 என்று தேடி, எந்தத் தொகுப்பு எண்ணில் சரியானது என்று பார்த்து, அதோடு ஒப்பிடுவதுதான் வழி. தொகுப்பை நிறுவியதோடு விட்டால் போதாது, மெஷினை மறுபடி துவக்கினால்தான் புதுக் கர்னல் ஓடத் தொடங்கும். பல இடங்களில் தொகுப்பு நிறுவப்பட்டு மாதக்கணக்கில் ரீபூட் ஆகாமல் பழைய கர்னலே ஓடிக்கொண்டிருக்கும்.

தற்காலிகமாகச் சமாளிக்க ஓர் அமைப்பை மாற்றிவிடலாமா என்றால், நல்ல வழி இல்லை. பைப்பையும் ஸ்ப்ளைஸையும் நிறுத்தினால் மெஷினில் பாதி வேலை நின்றுவிடும். கன்டெய்னர்களுக்கு மட்டும் ஸ்ப்ளைஸ் அழைப்பைத் தடுக்கும் வடிகட்டி போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

சந்தேகமான சர்வரை ஆராய்பவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாற்றம் மெமரியில் மட்டும் இருக்கக்கூடும் என்பதால், முதல் வேலையாக ரீபூட் செய்தால் ஒரே சாட்சியும் போய்விடும். ஓடும் நிலையில் முக்கியக் கோப்புகளைப் படித்து ஒரு நகல் எடுத்து, அதே கோப்புகளை வட்டின் இமேஜிலிருந்து (வட்டை முழுசாக எடுத்த பிரதியிலிருந்து) தனியாகப் படித்து, இரண்டையும் ஒப்பிடவேண்டும். படிக்கும்போது வருவது பேஜ் கேஷ், இமேஜில் இருப்பது வட்டு. இரண்டும் ஒத்துவராத கோப்பு இருந்தால், வட்டுக்கு எழுதப்படக் காத்திருந்த முறையான மாற்றம் அல்ல என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து விசாரணையைத் தொடங்கலாம்.